ஹெவி லைசென்ஸ் வாங்கியாச்சு, வண்டிச் சாவியை யார் கொடுப்பார்?

(திரையில்: விடியற்காலை. நாமக்கல்லில் ஒரு லாரி பட்டறை வாசல். பத்துச் சக்கர லாரியின் கேபினுக்குள் கேமரா.)

சாவியைத் திருப்பியாச்சு, இஞ்சின் ஓடுகிறது. இப்போது கியரைப் போட்டு கிளட்சை விட்டால் வண்டி நகருமா? நகராது. பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும். டேங்கில் காற்றழுத்தம் காட்டும் அந்த முள்ளைப் பாருங்கள், இன்னும் கீழேயே கிடக்கிறது. நிறுத்தி வைத்த லாரியின் பின்சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கனத்த ஸ்பிரிங். டேங்கில் காற்று ஏறினால்தான் அது விட்டுக்கொடுக்கும். காரில் பழகி வந்தவர் முதல் நாள் இங்கேயே முழிப்பார்.

முள் ஏறும்வரை பழைய டிரைவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள். கீழே இறங்கி ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார்கள். டங் என்று கேட்டால் காற்று இருக்கிறது. தொப் என்று கேட்டால் பஞ்சர். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் ஆர்.டி.ஓ. தேர்வில் கேட்கிறார்களோ இல்லையோ, ஓனர் கேட்பார்.

(திரையில்: லைசென்ஸ் அட்டை.)

சரி, லைசென்ஸ் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 18 வயதில் கார் லைசென்ஸ். அதைக் கையில் வைத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது 20 நிறைந்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஹெவிக்கு, அதாவது கனரக வண்டிக்கு, எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம். அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி முடித்த சான்று, அதாவது படிவம் 5, கட்டாயம். டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ-வும் வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். ஹெவி லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. பணம் கட்டினால் போதும், வகுப்புக்கு வர வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த மிச்சம் பிற்பாடு யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் போய் நிற்கும்.

இனிதான் விஷயம். ஹெவி அட்டையோடு, லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எந்த வண்டி ஓட்டினே?" என்பதுதான். பல லட்சம் ரூபாய் வண்டி, அதன் மேல் அதற்குச் சமமான சரக்கு. புதுப் பையனிடம் எப்படிக் கொடுப்பார்?

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. கிளீனர் வேலை. கண்ணாடி துடைத்து, தார்ப்பாய் கட்டி, பின்னால் நின்று பாடியைத் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும், ஓல்டேன்" என்று குரல் கொடுத்தவன், ராத்திரி ஆளில்லாத ரோட்டில் டிரைவர் அண்ணன் தூங்கும்போது ஸ்டியரிங் பிடித்தான். சட்டப்படி அது தப்புதான். ஆனாலும் இந்த ஊரில் பாதிப் பேர் படித்த பள்ளிக்கூடம் அதுதான், நானும் அங்கேதான் படித்தேன். இப்போது கிளீனர் இல்லாமல் டிரைவர் ஒருவரே ஓட்டும் வண்டிகள் பெருகிவிட்டன. தினப்படி மிச்சம் என்று கிளீனரை நிறுத்திய ஓனர்களே இன்றைக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். நாற்றங்காலை அழித்துவிட்டு நடவுக்கு நாற்றுத் தேடினால் எங்கே கிடைக்கும்?

ஆனால் வேறொரு படிக்கட்டு இருக்கிறது. கார் லைசென்ஸிலேயே 7,500 கிலோவுக்குள் வரும் சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அதனால் ஹெவிக்குக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். டாடா ஏஸ், 407 என்று லோடு அடியுங்கள். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கவும், லோடு ஒரு பக்கமாகச் சாயாமல் அடுக்கவும் அங்கேயே கை பழகும். அடுத்து ஆறு சக்கரம், அதற்கப்புறம் டாரஸ் என்கிற பத்துச் சக்கர லாரி. டிரெய்லர் கடைசியில். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், கேஸ் டேங்கர்கள் எல்லாம் தனி உலகம். டேங்கருக்கு அபாயகரச் சரக்குப் பயிற்சிச் சான்று வேண்டும், ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும்.

(திரையில்: தொப்பூர் கணவாய், மேலிருந்து.)

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்ரலில் இஞ்சின் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். அழுத்த அழுத்த பிரேக் டிரம் சூடேறி, தீய்ந்த வாசனை வரும்; அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. இதில் வேடிக்கை, டீசலும் மிச்சமில்லை. இன்றைய இஞ்சினில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நிற்கும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். டெஸ்ட் டிரைவில் ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இதைத்தான், வேகத்தை அல்ல.

வேலை கேட்க எங்கே போவது? விளம்பரத்தைவிட டயர் கடையும் வெல்டிங் பட்டறையும் மேல். எந்த வண்டி டிரைவர் இல்லாமல் நிற்கிறது என்று அங்கே தெரியும். பேசும்போது சம்பளத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மாதச் சம்பளமா, டிரிப்புக்கா, வாடகையில் சதவீதமா? லோடு கிடைக்காமல் வெளியூரில் மூன்று நாள் கிடந்தால் படி உண்டா? பஞ்சர், இறக்குக் கூலி, வழிச்செலவு யார் கணக்கு?

எடைச்சீட்டைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பத்துச் சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன்தான். தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அது யார் தலையில் விழும் என்பதை ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். நான் பேசாமல் போய் ஒரு மாதச் சம்பளத்தை விட்டவன்.

அசல் லைசென்ஸை ஓனர் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். வேலையை விடும்போது அதை வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும். வழியில் சோதனைக்குக் காட்ட போனில் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதே செல்லும்.

அடுத்த வீடியோவில் தார்ப்பாய் கட்டுவதைச் செய்தே காட்டுகிறேன். கயிறு வாங்கி வைத்திருக்கிறேன், மழைதான் விட வேண்டும்.