தனிக் கோப்பை வேண்டாம், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ‘பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் ஒன்றாக மோத வேண்டுமா, தனித்தனியாகவா?’ ஒன்றாகத்தான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ஐயா எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போனார். “ஷூ போட்டவனையும் வெறுங்காலனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நீதியா?” என்று கேட்டார். பந்தலே கைதட்டியது. உண்மையைச் சொல்கிறேன், நானும் தட்டினேன். கேள்வி நல்ல கேள்விதான். அவர் சொன்ன மருந்துதான் தப்பு. வெறுங்காலனுக்கு ஷூ வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வார் என்று பார்த்தேன். வெறுங்காலர்களுக்குத் தனிப் பந்தயம் வையுங்கள் என்று முடித்துவிட்டார்!

இப்போது என்ன நடக்கிறது? பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. குழு விளையாட்டுகளுக்குப் பாரதியார் தின விழா, தடகளத்துக்குக் குடியரசு தின விழா. முதலில் குறுவட்டம், அப்புறம் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். 14, 17, 19 என்று வயதுக்கு ஒரு பிரிவு உண்டு. ஆனால் பள்ளிக்கு என்று பிரிவு கிடையாது. கூரை ஒழுகும் பள்ளியும் குளுகுளு வகுப்பறைப் பள்ளியும் ஒரே சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதைத்தான் மாற்றச் சொல்கிறது எதிரணி.

சரி, மாற்றுவோம். அரசுப் பள்ளிக்குத் தனிக் குறுவட்டம், தனி மாவட்டம், தனி மாநிலம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி 400 மீட்டரில் மாநிலக் கோப்பையைத் தட்டி வருகிறாள். மேளம் அடிக்கிறோம், பேனர் வைக்கிறோம். அடுத்து எங்கே போவாள்? இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிக்கு. அங்கே ‘தமிழ்நாடு அரசுப் பள்ளிகள்’, ‘தமிழ்நாடு தனியார் பள்ளிகள்’ என்று இரண்டு அணியா போகும்? சி.பி.எஸ்.இ., கேந்திரிய வித்யாலயா போன்றவற்றுக்குத்தான் அங்கே தனி அணி. மாநிலத்துக்கு அணி ஒன்றுதான். அந்த அணிக்கான தேர்வில் தனியார் பள்ளிப் பெண் பக்கத்து லேனில் நிற்பாள். எங்கள் பெண் அவளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பாள். அவள் எப்படிக் கிளம்புகிறாள், கடைசி 100 மீட்டரில் வேகம் கூட்டுவாளா, மூச்சு வாங்குவாளா, ஒன்றும் தெரியாது. குறுவட்டத்திலேயே அவளோடு ஓடித் தோற்றிருந்தால் மறுவருஷம் பார்த்துக்கொள்ளலாம். தேசிய அணித் தேர்வில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கீழே நீங்கள் போடுகிற கோடு மேலே போகப் போக அழிந்துவிடுகிறது, ஐயா. அழியப் போகிற கோட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் எதற்குப் போட வேண்டும்?

நான் அரசுப் பெண்கள் பள்ளியில் கோ-கோ ஆடியவள். ஒரு குறுவட்டப் போட்டியில் எங்களுக்கு எதிரே ஒரு மெட்ரிக் பள்ளி. அவர்கள் பாய் விரித்த தரையில் பழகியவர்கள். எல்லோர் காலிலும் ஒரே மாதிரி ஷூ. நாங்கள் மண் தரை, வெறுங்கால். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அந்தத் தோல்வியில் நான் பார்த்தது ஒரு பெண்ணின் ‘போல் டைவ்’. கம்பத்தை நோக்கி ஓடிவருவாள். ஒரு கை கம்பத்தின் அடியைப் பிடிக்கும், உடம்பு முழுக்கத் தரைக்குப் பக்கவாட்டில் போகும், மறு கையின் விரல் நுனி ஓடுகிறவளின் குதிகாலைத் தொடும். நாங்கள் அதுவரை கம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஓடத்தான் தெரிந்தவர்கள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் பி.டி. மிஸ் கொஞ்சமும் கூச்சப்படாமல் அவர்கள் பயிற்சியாளரிடம் போய், “சார், அதை என் பிள்ளைகளுக்கு ஒருதடவை காட்டுங்கள்” என்றார். அவரும் காட்டினார். முதலில் முழங்கால் மடிய வேண்டும், அப்புறம்தான் கை நீள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தனிக் கோப்பை இருந்திருந்தால் நாங்கள் அன்றைக்கு ஜெயித்திருப்போம். கம்பத்தைச் சுற்றிக்கொண்டேயும் இருந்திருப்போம்.

எதிரணி ஐயா நீச்சலைச் சொன்னார், டென்னிஸைச் சொன்னார், குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஒரே தனியார் பள்ளிக் குழுமத்தில் படித்தவர்கள் என்று சதுரங்கத்தையும் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன், அதிலெல்லாம் நாங்கள் தோற்போம். அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் தனியாக ஒரு நீச்சல் கோப்பை வைத்துவிடலாம் என்கிறீர்கள். வையுங்கள். குளம் எங்கே?

நடுவர் அவர்களே, இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2012-ல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பிறகுதான் அது 12,500-க்கு உயர்ந்தது. பல அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த ‘பி.டி. சார்’ இவர்தான். வாரத்துக்கு மூன்று அரை நாளில் அவர் அணியைச் சேர்ப்பாரா, மைதானத்து முள்ளைப் பிடுங்குவாரா? மிச்ச நாளில் வரும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் ‘தயவுசெய்து பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று.

இந்தக் குறையெல்லாம் எப்போது வெளியே தெரியும்? பொதுப் போட்டியில் தோற்கும்போதுதான். ‘பக்கத்துத் தெருப் பள்ளி ஏழு பதக்கம் வாங்கியது, நம் பிள்ளைகள் ஏன் வெறுங்கையோடு வந்தார்கள்?’ என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தகப்பன் எழுந்து கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் தலைமையாசிரியர் மேலிடத்துக்கு மனு எழுதுவார். நீங்கள் தனிக் கோப்பை கொடுத்துவிட்டால் அலமாரி நிறையும், அந்தத் தகப்பனின் வாய் அடையும். ‘உங்கள் பள்ளிதான் மாநில சாம்பியன் ஆயிற்றே, உங்களுக்கு எதற்கு முழுநேர உடற்கல்வி ஆசிரியர்?’ என்று கோப்பு திரும்பி வரும். அடுப்பில் உலை வைக்கச் சொன்னால் ஏப்பம் விடச் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

அடுத்து, 7.5 சதவீதம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மறுவருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். ‘அங்கே பிரித்தது சரி, மைதானத்தில் பிரித்தால் தப்பா?’ என்று ஐயா மடக்கினார். நல்ல மடக்கு. ஆனால் அங்கே எதைப் பிரித்தார்கள் என்று பாருங்கள். இடத்தைப் பிரித்தார்கள். அரசுப் பள்ளிக்கென்று தனி நீட் தேர்வு வைத்தார்களா? வினாத்தாள் ஒன்று, தேர்வு அறை ஒன்று, மதிப்பெண் பட்டியல் ஒன்று. எழுதி முடித்த பிறகு, வசதியில்லாமல் படித்தவனுக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கினார்கள். அதையே விளையாட்டிலும் செய்யுங்கள், நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். விளையாட்டு விடுதியில் இத்தனை இடம், கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் இத்தனை இடம், பயிற்சி முகாமில் இத்தனை இடம் என்று கொடுங்கள். ஓட்டத்தை மட்டும் ஒரே ஓட்டமாக விடுங்கள். எங்கள் பிள்ளை கொண்டுவரும் சான்றிதழில் ‘அரசுப் பள்ளிகளுக்கு இடையே’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், அதை வாங்கிப் பார்க்கிறவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை எங்களுக்கு வேண்டாம்.

மாரியப்பன் தங்கவேலு என்றால் இந்தப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அரசுப் பள்ளியில் அவரை உயரம் தாண்டச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், இரண்டு காலும் நன்றாக இருந்த பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் வாங்கினார். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய கதை அப்புறம் வந்தது.

‘பாராலிம்பிக்கில் பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்?’ என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. உடம்பின் நிலை, வயது, குத்துச்சண்டையில் எடை, இவையெல்லாம் ஆளோடு கூடவே மைதானத்துக்குள் வருபவை. அதைப் பார்த்துப் பிரிப்பது நியாயம். பள்ளியின் பெயர்ப்பலகை வாசலோடு நின்றுவிடுகிறது. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி பாட்டி வளர்த்த பெண், வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பயிற்சியாளர்கள் எல்லோரும் எங்கே வருவார்கள்? நல்ல ஆட்டம் எங்கே மொத்தமாக நடக்கிறதோ அங்கே வருவார்கள். இரண்டு போட்டி, இரண்டு மைதானம், ஒரே நாள் என்றால் எதற்கு வருவார்கள் என்று ஐயாவே சொல்லட்டும்.

அமெரிக்காவையும் இழுத்தார். டெக்சாஸில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு சங்கம், தனியார் பள்ளிகளுக்கு வேறு சங்கம் என்றார். சரிதான், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அதே அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துக்குப் போகாமலே திரும்பிவிட்டார். அங்கே மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிகளை அடுக்கு பிரிப்பார்கள். 2005-லிருந்து பல தனியார் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிக் கணக்கு வைத்தார்கள். அந்தப் பள்ளிகள் தங்களைவிடப் பெரிய பள்ளிகளோடு மேல் அடுக்கில் மோத வேண்டி வந்தது. சுவர் எழுப்பாமல் எடையைச் சரிசெய்யவும் வழி உண்டு என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. பிரித்துவிட்டால் கிராமத்துப் பள்ளி ஜெயித்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பழகிய கார்த்தி செல்வம் இந்திய அணியில் ஆடினார். அந்தப் பிள்ளைகள் படிப்பது பக்கத்திலிருக்கும் பள்ளியில்தான். பல ஊர்களில் அது அரசுப் பள்ளி. காலையும் மாலையும் பயிற்சி, சத்தான சாப்பாடு, தேர்ந்த பயிற்சியாளர். அந்தப் பள்ளியும், ஒரே ஒரு ஹாக்கி மட்டையை மாற்றி மாற்றிப் பிடிக்கிற இன்னொரு அரசுப் பள்ளியும் உங்கள் ‘சமமான’ போட்டியில் மோதுவார்கள். ஸ்கோர் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

உதவி பெறும் பள்ளிகள் வேறு இருக்கின்றன. சம்பளம் அரசாங்கம், நிர்வாகம் தனியார். 7.5 சதவீதத்திலும் அவர்களைச் சேர்க்கவில்லை என்று அவர்களுக்கு ஏற்கெனவே வருத்தம். நீங்கள் போடும் கோடு அவர்கள் மைதானத்து நடுவிலேயே போகும்.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம். ஆள் பிடிப்பது பற்றி ஐயா சொன்னது மட்டும் பாக்கி. அரசுப் பள்ளியில் நன்றாக ஆடுகிற பையனை ‘இலவச சீட், இலவசச் சாப்பாடு’ என்று சொல்லித் தனியார் பள்ளி தூக்கிக்கொண்டு போகிறது. உண்மை. அதற்கு ஒரு விதி போதும்: பள்ளி மாறினால் ஒரு வருஷம் புதுப் பள்ளிக்கு ஆடக் கூடாது. வீடு மாறிப் போகிற குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. நுழைவுப் படிவத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவு எண், கேட்கிறார்கள். எந்தப் பள்ளியிலிருந்து எப்போது போனான் என்று கணினியே சொல்லும். இது நாளைக்கே செய்யக் கூடிய வேலை. பிரிப்பதால் இது நிற்குமா? தனியார் பள்ளிகளுக்கென்று ஒரு கோப்பை வந்தால், அதை வாங்க அவர்கள் இன்னும் வேகமாக ஆள் தேடி வருவார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மா வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், இதற்கு மட்டும் சொல்லட்டும்: ஒன்பதாம் வகுப்புவரை எங்கள் பள்ளி மண்ணில் ஆடிவிட்டு இலவச சீட்டில் அங்கே போன பையனை, நீங்கள் எந்த அணியில் நிறுத்தப் போகிறீர்கள்?

நன்றி, வணக்கம்.