சுவருக்குள் இருந்த கரகரப்பு

வணக்கம் உறவுகளே. சென்ற காணொளியில் அம்மாவின் தொலைபேசியில் கரகரப்பைக் கேட்டுவிட்டு, கருவியை மாற்றும்படி பலர் எழுதியிருந்தீர்கள். குற்றம் கருவியில் இல்லை. வெள்ளவத்தைக் கடற்காற்று நேரே வந்து படும் எங்கள் யன்னலோரத் தொலைபேசிச் சொக்கற்றை நேற்றுக் கழற்றினேன். திருகாணிகள் பச்சைக் களிம்பேறியிருந்தன, சிவப்புக் கம்பி தொட்டவுடனேயே ஒடிந்து என் விரலோடு வந்துவிட்டது. இதோ, கமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள்.

அதைவிட எனக்குக் கோபமூட்டியது அலுமாரிக்குப் பின்னால் கண்ட இணைப்பு. யாரோ இரண்டு கம்பிகளை வெறுமனே பிணைத்து, மேலே ரேப் சுற்றி, அறைக்கு ஒரு கிளை இழுத்திருக்கிறார்கள். கருவி எதுவும் பொருத்தாத அத்தகைய கிளையின் நுனியில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை, அதே தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணையத்தின் வேகத்தையும் குறைத்துவிடும். இந்த அரைகுறை வேலையை என்னால் ஏற்கவே முடியாது.

தட்டையான பழைய வயருக்குப் பதிலாக இப்போது கணினி வலையமைப்புக்குப் பயன்படும் கேட் 5இ வயர் போட்டிருக்கிறேன். அதில் கம்பிகள் இணை இணையாக முறுக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பட்டு, மறுமுனையில் கழிந்துபோகிறது. தொலைபேசிக்கு நீல இணை ஒன்றே போதும். மீதி மூன்று இணைகளும் சும்மா இருக்கும். காலி வீதிக் கடையில் மீற்றர் 140 ரூபாய் கேட்டார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதே வயர் 90 ரூபாய். 18 மீற்றருக்கு 900 ரூபாய் மிச்சம் என்பதால், வெயிலில் அலைந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: கைவைக்கும் முன் வெளியிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிடுங்கள். சும்மா இருக்கும்போது அதில் 48 வோல்ற்று அளவே இருந்தாலும், மணி அடிக்கும்போது 90 வோல்ற்று வரை மாறுமின்னழுத்தம் வரும். ஈரக் கையென்றால் நன்றாகவே சுண்டும்.

பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தபோது, சுவருக்குள் வயர் செல்லும் குழாயின் வளைவில் அது சிக்கி, இரண்டு மணிநேரம் அசையவேயில்லை. கடைசியில் முடிச்சை மெல்லியதாக்கி, வயர் முழுவதும் முகப்பவுடர் தடவி, அம்மா அந்தப் பக்கம் ஊட்ட, நான் இந்தப் பக்கம் இழுக்க, வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த நுனி வெளியே எட்டிப் பார்த்த கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இரவு யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா எடுத்தார். அம்மா 40 நிமிடம் பேசினார். “என்ன, கேட்கவில்லை” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.