செட் என்றால் வைப்பது மட்டும்தானா?

நண்பர்களே, இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. செட். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், இதன் வினை வடிவத்துக்கு மட்டும் 430 பொருள் கொடுத்து, சுமார் 60,000 சொற்களில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாவல் அளவு! பயப்படாதீர்கள், ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அத்தனையையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை.

'செட் என்றால் வை' என்று படித்துவிடுகிறோம். அப்புறம் சூரியன் செட் ஆகிறது என்று வரும்போது, யார் எதை எங்கே வைத்தார்கள் என்று முழிக்கிறோம்.

வேரைப் பார்த்தால் சுலபம். சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்காரவை. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்கிறோமே, உருள் - உருட்டு, இரு - இருத்து, அதேதான். ஆங்கிலத்தில் அந்த வழக்கம் எப்போதோ ஓய்ந்துவிட்டது, ஆனால் விழுவதற்கு ஃபால், மரத்தை வீழ்த்துவதற்கு ஃபெல் என்பதுபோல் சில ஜோடிகள் மட்டும் மிச்சமிருக்கின்றன. இப்போது பாருங்கள்: முறிந்த எலும்பை அதன் இடத்தில் உட்காரவைப்பதும் செட், அலாரத்தில் மணியைக் குறித்து வைப்பதும் செட், கலவையாக இருந்த சிமென்ட் தானே இறுகி உட்கார்ந்துவிட்டால் அதுவும் செட். சூரியனும் அப்படித்தான், கீழே போய் உட்கார்ந்துவிடுகிறது.

சரி, கணிதத்தில் நாம் கணம் என்று படித்த செட்? அது வேறு குடும்பம். லத்தீன் செக்டா, பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. மதப் பிரிவைச் சொல்லும் செக்ட் அதற்கு உறவு. உருவம் ஒன்றாகிவிட்டதால் பின்னாளில் இரண்டும் கலந்துவிட்டன, நாமும் ஒரே சொல் என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

இந்த வேர் விளையாட்டு எல்லா இடத்திலும் பலிக்காது. செட் ஆஃப் என்றால் கிளம்புவது, வெடிக்கவைப்பதும் அதே செட் ஆஃப். உட்காரவைத்த சொல் எழுந்து நடக்கிறது! மழை செட் இன் ஆனால் மழை பிடித்துக்கொண்டது. இங்கே நான் தர்க்கத்தை விட்டுவிடுவேன், கூட வரும் சொல்லோடு சேர்த்தே படித்துக்கொள்வேன். சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், பூனை குட்டி போடுகிறது, நாம் ஒரு தூக்கம் போடுகிறோம். தமிழ் படிக்க வந்த வேற்றுமொழிக்காரர் 'போடு என்றால் என்ன?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொரு வம்பும் உண்டு. இந்த வினைக்கு இறந்தகாலமும் செட்தான். ஷீ செட்ஸ் என்றால் வைக்கிறாள், ஷீ செட் என்றால் வைத்துவிட்டாள், அந்த ஒரு எஸ்தான் வித்தியாசம். ஐ செட் என்று சொன்னால் அந்த எஸ்ஸும் கிடையாது, பக்கத்தில் 'நேற்று' என்று ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துத்தான் காலத்தையே கண்டுபிடிக்க வேண்டும்.