கடவுள் என்பதில் சிக்கல் இல்லை

(மயிலாடுதுறையில் ஒரு வாசகர் வட்டத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

"இயேசு கடவுளா, மனிதரா?" என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். என் விடை உங்களுக்கு முன்பே தெரியும். நான் லுத்தரன் வீட்டில் பிறந்தவன். இரண்டும்தான் என்று சொல்வேன். கத்தோலிக்கரும் அதையே சொல்வார், தென்னிந்தியத் திருச்சபைக்காரரும் அதையே சொல்வார். எத்தனையோ விஷயங்களில் சண்டை போட்டுக்கொள்ளும் நாங்கள் இதில் மட்டும் ஒரே கட்சி. ஆகவே விடையை விட்டுவிடுகிறேன். இந்த இரண்டில் எதை நம்புவது கடினம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு மனிதனை எப்படிக் கடவுள் என்று கும்பிடுவது என்று உலகத்தில் பல இடங்களில் கேட்கிறார்கள். காவிரிக் கரையில் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடவுள் இறங்கி வந்தார் என்றால் இங்கே யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. கம்பன் பிறந்த தேரழுந்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எமனைக் காலால் உதைத்த சுவாமி திருக்கடையூரில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கப் போனால், "உங்கள் சாமியும் அவதாரம்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று அன்பாகச் சொல்லி, பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் தருகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். இதே ஊரில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளையும் சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் உயிர் நண்பர்கள். வேதநாயகத்தின் மேல் கோவை என்ற சிற்றிலக்கியமே பாடியிருக்கிறார் அந்தப் புலவர். அப்படிப்பட்ட மண் இது. ஆனால் நட்புக்காகக் கணக்கைச் சுருக்கிவிட்டால், கடினமான பாதி கண்ணில் படாமலே போய்விடும். அந்தப் பாதி, அவர் மனிதர் என்பது.

நம் பூம்புகாரிலிருந்தே தொடங்குகிறேன். அந்த நகரத்துக் கோயில்களை வரிசையாகச் சொல்ல வந்த இளங்கோவடிகள், முதலில் வைப்பது "பிறவா யாக்கைப் பெரியோன் கோயில்". சிவபெருமானுக்குக் கருவில் பிறந்த உடல் கிடையாது. சைவ சித்தாந்தம் இன்றுவரை இதில் உறுதியாக நிற்கிறது. இறைவன் வருவான், அடியாரைத் தேடி வேடம் தரித்து வருவான். ஆனால் தாய் வயிற்றில் பிறக்க மாட்டான், சாக மாட்டான். திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு அடியார் கோலத்தில் வந்து அவன் கேட்ட உணவு பிள்ளைக்கறி என்று உங்களுக்குத் தெரியும். அவன் பசித்து வந்தானா? இல்லை. அது சோதனை. சோதனை முடிந்ததும் கோலம் மறைந்தது.

இதோடு யோவான் எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். உச்சி வெயில். இயேசு நடந்து களைத்து, சமாரியாவில் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்துவிடுகிறார். நீர் மொள்ள வந்த பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். அதன்பின் நீண்ட ஞான உரையாடல் நடக்கிறது, உண்மைதான். ஆனால் தாகம் நடிப்பு இல்லை. நடிப்பு என்று சொன்னால் கிறிஸ்தவம் அங்கேயே கவிழ்ந்துவிடும்.

வேளாங்கண்ணிக் கதையும் இதைத்தான் பிடித்துவைத்திருக்கிறது. பால் கொண்டுபோன சிறுவனிடமும், பிறகு மோர் விற்ற கால் ஊனமான சிறுவனிடமும் அந்தத் தாய் கேட்டது தனக்காக இல்லை, இடுப்பில் இருந்த பிள்ளைக்காக. ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை. அது மரபுக் கதை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்த டெல்டாக்காரர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. பிள்ளை என்றால் பால் கேட்கும். 1962-ல் அந்தக் கோயில் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை கூட்டம் நெரிகிறது. நடந்தே போகிற காவியுடைக் கூட்டத்துக்கு மோர்ப் பந்தல் வைக்கிறவர்கள் பாதிப்பேர் இந்துக்கள். அந்த மோர் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இராமன் அழவில்லையா என்று கேட்பீர்கள். அழுதான். அதைவிட மேலேயும் போகிறது வால்மீகி. போருக்குப் பின் தேவர்கள் வந்து "நீ யாரென்று மறந்தாயா" என்கிறபோது, "நான் என்னை மனிதனாகவே, தசரதன் மகன் இராமனாகவே எண்ணுகிறேன்" என்கிறான். கிறிஸ்தவன் ஒருவன் நின்று கேட்க வேண்டிய வரி அது. ஆனால் கதை முடியும்போது இராமன் சரயுவில் இறங்கித் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறான். கண்ணனும் வேடன் அம்பு பட்ட பிறகு தன்னிடம் போய்ச் சேருகிறான். வந்த காரியம் முடிந்தது, மானுட உடல் இனித் தேவையில்லை. வைணவ ஆசாரியர்கள் இதையெல்லாம் மிக நுட்பமாகப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் மாணவன். என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். திருச்சபை நம்புகிறபடி, இயேசு உயிர்த்த பின்னும் உடலோடு இருந்தார். கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. சீடர்கள் முன்னால் பொரித்த மீனைச் சாப்பிட்டுக் காட்டினார் என்று லூக்கா எழுதுகிறார். விண்ணேறியதும் அந்த மனித உடலோடுதான். கழற்றி வைக்கவே இல்லை. இன்றும் மனிதர்.

இதைக் கேட்டு உங்களுக்கு முகம் சுளித்தால் வெட்கப்பட வேண்டாம். முதல் நூற்றாண்டின் கடைசியிலேயே கிறிஸ்தவர்களில் சிலருக்குச் சுளித்தது. கடவுளாவது, பசியாவது, சாவாவது. எல்லாம் தோற்றம், சிலுவையில் தொங்கியது ஒரு மாயத் தோற்றம் என்றார்கள். அந்தியோக்கியா ஆயர் இக்னாசியு இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகப் போகிற வழியில் எழுதிய கடிதங்களில், இயேசு உண்மையாகப் பிறந்தார், உண்டார், குடித்தார், உண்மையாகவே இறந்தார் என்று திரும்பத் திரும்ப அழுத்துகிறார். அவர் கடவுள்தானா என்ற பெரிய சண்டை வெடிக்கும்முன்பே அவர் மனிதர்தானா என்ற சந்தேகம் சபைக்குள் எழுந்துவிட்டது.

ஆரியுசின் கதை பலருக்குத் தெரியும். அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்தவர். மகன், அதாவது கிறிஸ்து, படைக்கப்பட்டவர், தந்தைக்கு நிகரானவர் அல்லர் என்றார். 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை மறுத்தது. ஞாயிறுதோறும் நாங்கள் சொல்கிற விசுவாச அறிக்கை அங்கே தொடங்கியது. அதைத் தாண்டிப் போகிறேன். அது பிரபலமான சண்டை. எனக்கு அதற்கு அடுத்து வந்தவர்கள்தான் முக்கியம்.

கடவுள் என்று உறுதியானதும் என்ன நடந்தது தெரியுமா? மனிதரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினார்கள். லவோதிக்கேயா ஆயர் அப்பொலினார் நிசேயாவின் தீவிரக் கட்சிக்காரர். இயேசுவுக்கு மனித உடல் இருந்தது, ஆனால் மனித மனம் இல்லை, அந்த இடத்தில் இறைவார்த்தையே, அதாவது கடவுளின் மகனே, இருந்தது என்றார். பக்தியோடுதான் சொன்னார். அதற்கு நாசியான்சு கிரகோரி கொடுத்த பதில், இயேசு தம்முடையதாக எதை ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்பது. நம்மிடம் நோய் பிடித்திருப்பது உடலில் மட்டுமா? மனத்தில்தான் அதிகம். மனத்தை விட்டுவிட்டு உடலை மட்டும் மீட்கிற மீட்பர் யாருக்கு வேண்டும்? 381-ல் அப்பொலினாரின் போதனை தள்ளப்பட்டது.

பிறகு கான்ஸ்தாந்திநோப்பிளில் யூத்திகஸ் என்ற வயதான துறவி வந்தார். இரண்டு இயல்புகளும் சேர்ந்த பின் ஒன்றுதான் மிச்சம் என்றார். பூம்புகாரில் காவிரி கடலில் விழுகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். குடகிலிருந்து அத்தனை ஊர்களுக்கும் சோறு போட்டுவிட்டு ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து வந்து சேருகிறது. கடலுக்குள் போன பிறகு எது காவிரி என்று யாரால் காட்ட முடியும்? யூத்திகசுடைய கிறிஸ்துவில் மனிதத்தன்மைக்கு நேர்ந்தது அதுதான். 451-ல் கால்சிதோன் சங்கம், ஒரே ஆள், இரண்டு இயல்புகள்; கலப்பு இல்லை, மாற்றம் இல்லை, பிரிவு இல்லை, விலகல் இல்லை என்று வேலி போட்டது. கவனியுங்கள், நான்குமே "இல்லை". எப்படி என்று சங்கம் விளக்கவில்லை. எப்படி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

எகிப்தின் காப்டிக் சபையும் ஆர்மீனியர்களும் சிரியாவின் ஆர்த்தடாக்ஸ் சபையும் இந்தச் சங்கத்தை ஏற்கவில்லை. கேரளத்தில் உள்ள ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபைகளும் அந்தப் பக்கம்தான். அவர்களை யூத்திகசோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். அவரை அவர்களும் தள்ளிவிட்டார்கள். 1973-ல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் திருத்தந்தை மூன்றாம் ஷெனூடாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுச் சண்டையில் பெரும்பகுதி ஒரே விசுவாசத்தைச் சொல்ல இரண்டு விதமான சொற்களைப் பிடித்துக்கொண்டதால் வந்தது என்று தெரிந்தது. அதற்குள் எத்தனை தலை உருண்டது என்பதையும் மறக்கக் கூடாது.

சங்கங்கள் முடிந்தாலும் யூத்திகஸ் போகவில்லை. அவருடைய இயேசு நம் வீடுகளில் காலண்டராகத் தொங்குகிறார். தங்கக் கிரீடம், ரோஜா நிறக் கன்னம், எதற்கும் கலங்காத பார்வை. அந்தப் படத்தில் இருப்பவருக்குக் கால் வலிக்கும் என்று எந்தப் பிள்ளையாவது நம்புமா? ஆனால் நற்செய்தி என்ன சொல்கிறது? பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவர் அறிவிலும் உடல் வளர்ச்சியிலும் பெருகினார் என்கிறது லூக்கா. அறிவில் வளர்ந்தார் என்றால், முன்பு தெரியாதது பின்பு தெரிந்தது. உலக முடிவின் நாளைப் பற்றி, "தந்தையைத் தவிர யாருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது" என்று அவரே சொல்வதை மாற்கு பதிவு செய்கிறார். பிரசங்க மேடைகளில் இந்த வசனம் அதிகம் கேட்பதில்லை. எங்கள் போதகர்கள் அதை அவசரமாகக் கடந்துபோவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கைதாவதற்கு முன் அவர் ஜெபித்த கெத்சமனே தோட்டத்துக்கு வந்தால் இது இன்னும் கூர்மையாகிறது. "இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும், ஆனாலும் என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே" என்கிறார். அவருக்குச் சாவு பயம் இருந்தது. அந்தப் பயத்தில் பேசியது யாருடைய விருப்பம்? ஏழாம் நூற்றாண்டில் பேரரசர்கள் அரசியல் சமாதானத்துக்காகக் கிறிஸ்துவுக்கு ஒரே விருப்பம்தான் என்று சொல்லிப் பார்த்தார்கள். மாக்சிமு என்ற துறவி ஒப்பவில்லை. மனித விருப்பம் இல்லையென்றால் அந்தத் தோட்டத்தில் நடந்தது போராட்டமே இல்லை என்றார். அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். 662-ல் அங்கேயே இறந்தார். 680-ல் தொடங்கிய சங்கம் அவர் சொன்னதையே சரி என்றது. ஒரு மனிதரின் பயம் உண்மையானது என்பதற்காக நாக்கைக் கொடுத்தவர் அவர்.

இந்தக் கடற்கரைப் பக்கம் நின்று கிறிஸ்துவைப் பற்றிப் பேசுகிற எவரும் 2004 டிசம்பர் 26-ஐத் தவிர்க்க முடியாது. அன்றைக்கு மயிலாடுதுறையும் நாகப்பட்டினம் மாவட்டம்தான். கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை; அந்த மாவட்டத்தில் சுனாமியில் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. மாற்கு நான்காம் அதிகாரத்தில் இயேசு படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். புயல் அடிக்கிறது. எழுப்புகிறார்கள், எழுந்து கடலை அதட்டுகிறார், அடங்குகிறது. அசந்து தூங்கியதும் அவரே, அதட்டியதும் அவரே. கரையோரக் கிராமங்களில் இதைப் படித்தால், அன்று ஏன் அதட்டவில்லை என்று கேட்பார்கள். என்னிடம் அதற்கு விடை இல்லை. விடை இருக்கிறது என்று சொல்கிற பிரசங்கியை நான் நம்புவதும் இல்லை. ஆனால் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அதே கேள்வியை, மூச்சுத் திணறிக்கொண்டு, சிலுவையிலிருந்து அவரும் கேட்டிருக்கிறார். கேட்டது நடிப்பாக இருந்தால், அந்தக் கிராமத்துக்கு அவரைக் கொண்டுபோக எனக்குத் துணிவு வராது.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கடவுள் செத்துப்போனார் என்றால் அந்த மூன்று நாளும் உலகத்தை யார் பார்த்துக்கொண்டது?" சிரிக்காதீர்கள், இது நல்ல கேள்வி. கால்சிதோன் வேலி இதற்காகத்தான். இறந்தவர் யார் என்றால், கடவுளின் மகன். எந்த இயல்பில் இறந்தார் என்றால், மனித இயல்பில். தெய்வ இயல்பு சாகவும் இல்லை, மரியாவின் கருவில் அடைபட்டுக் கிடக்கவும் இல்லை. உடலில் இருந்தபோதே அவர் உலகம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தார் என்று நான்காம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு எழுதிவிட்டார். ஆகவே மழையும் வெயிலும் அன்றும் வழக்கம்போலவே நடந்தன. ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, இறந்தது வேறு யாரோ ஒரு தச்சன், கடவுள் தூரத்தில் பத்திரமாக இருந்தார் என்று சீட்டு அனுப்பியவர் எழுதிக்கொள்ளக் கூடாது. 431-ல் எபேசு சங்கம் மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். பிறந்த ஆள் ஒருவரே, இறந்த ஆளும் அவரே.