பக்கத்து அரங்கத்துக்குப் போவோம்

(வட கரோலைனாவின் ராலே பகுதியில் நடந்த பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கிரிக்கெட் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ராலேயில், என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் ரெனால்ட்ஸ் கொலிசியம் என்ற உள்ளரங்கத்தைப் பற்றி. கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் என்று நாம் எங்கே குடியிருந்தாலும் கார் எடுத்தால் எட்டிவிடும் தூரம். பிள்ளைகளைப் பரதநாட்டியத்துக்கும் கணக்கு வகுப்புக்கும் கொண்டுபோய் விட இதே தூரம் ஓட்டுகிறோம். ஆனால் வருஷக்கணக்காக இங்கே இருந்தும் நம்மில் பலர் அந்த அரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை. அங்கே நடக்கும் பெண்கள் கூடைப்பந்துக்கு நம் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்லூரி விளையாட்டு என்றால் டிவியில் வரும் பெரிய ஆட்டங்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். பக்கத்து டர்ஹாமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி ஆடும் கேமரன் அரங்கத்தில் மொத்தமே 9,314 இடங்கள். சாப்பல் ஹில்லில் இருக்கும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் என்றால் மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருப்பார்கள். வெளியார் டிக்கெட் வாங்குவது குடும்ப பட்ஜெட்டில் அடங்காது. என்.சி. ஸ்டேட் ஆண்கள் அணியும் 1999-லேயே ரெனால்ட்ஸை விட்டு, இன்று லெனோவோ சென்டர் என்று பெயர் மாறியிருக்கும் பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டது. அதன் உச்சி வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்களை விட மேலே தொங்கும் திரையைத்தான் அதிகம் பார்ப்போம். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

ரெனால்ட்ஸ் அப்படியில்லை. அதன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நாம் குடியேறிய ஊரின் கதையும்கூட. 1940-களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து வேலை நின்றது. எஃகுச் சட்டம் மட்டும் வருஷக்கணக்கில் வெறுமனே நின்றது. ஒருவழியாக 1949-ல் திறந்தார்கள். அப்போது 12,400 பேர் உட்காரலாம். எவரெட் கேஸ் என்ற கோச் இந்தியானாவிலிருந்து வந்து, புகையிலையும் பருத்தியும் பேசிக்கொண்டிருந்த இந்த மாநிலத்தைக் கூடைப்பந்து பேச வைத்தார். சாம்பியன் ஆனதும் ஏணி போட்டு ஏறி வளையத்து வலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறார்களே, அந்தப் பழக்கத்தைக் கல்லூரிக் கூடைப்பந்தில் பரப்பியவர் அவர்தான்.

அதே அரங்கம் திறந்தபோது கறுப்பின இளைஞர்கள் அந்தக் கல்லூரியில் இளங்கலை படிக்க முடியாது. 1956-ல்தான் முதல்முறையாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1966 ஜூலையில் மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கூரையின் கீழேதான் பேசினார். அன்றைக்கு அதே ஊரில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் எதிர்க்கூட்டம் நடத்தினார்கள். இன்று நாம் டிக்கெட்டைக் காட்டிவிட்டுச் சாதாரணமாக உள்ளே போகிறோம். அந்த வாசலை நமக்கும் சேர்த்துத் திறந்துவிட்டவர்கள் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே கூட்டிப் போங்கள்.

2016-ல் புதுப்பித்தபோது இருக்கைகளை 5,500-ஆகக் குறைத்தார்கள். இது நமக்கு நல்லதாகப் போயிற்று. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டக்காரரின் முகம் தெரியும். மரத்தரையில் ஷூ கிறீச்சிடுவது கேட்கும். பாயிண்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை வழிநடத்தும் பெண், பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போது இடது கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டுவார். மற்ற நால்வரும் உடனே இடம் மாறுவார்கள். டிவியில் இது தெரியாது, காமிரா பந்தையே துரத்திக்கொண்டிருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு குவார்ட்டர், அதாவது பத்து நிமிட ஆட்டம், பந்தைப் பார்க்காதீர்கள். பந்து கையில் இல்லாத ஒரு பெண்ணை மட்டும் பாருங்கள். அவர் எத்தனை தடவை ஓடுகிறார், எதிராளியின் வழியில் எப்படித் தோளைக் கொடுத்து நிற்கிறார், விழுந்த தோழிக்கு எப்படிக் கை நீட்டுகிறார் என்று பாருங்கள். அப்புறம் பெஞ்சைப் பாருங்கள். அன்று ஒரு நிமிடம்கூட ஆடக் கிடைக்காத பெண்கள் ஒவ்வொரு கூடைக்கும் எழுந்து நிற்பார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். 1972-ல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். விளையாட்டும் அதற்குள் வந்தது. மூன்று வருஷம் கழித்து, 1975-ல், கே யோ என்ற பெண்மணி என்.சி. ஸ்டேட் பெண்கள் அணிக்குக் கோச்சாக வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். பெண்களுக்குத் தேசிய அளவில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் சாம்பியன்ஷிப் என்ற ஒன்றே 1982-ல்தான் தொடங்கியது, அதற்கு முன்பே வந்து அஸ்திவாரம் போட்டவர். 1987-ல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த வருஷமே அமெரிக்கப் பெண்கள் அணியை சோல் ஒலிம்பிக்ஸுக்குக் கூட்டிப் போய்த் தங்கம் வாங்கிக் கொடுத்தார். நோய் திரும்பத் திரும்ப வந்தது. 2007 பிப்ரவரியில் ரெனால்ட்ஸின் ஆடுதளத்துக்கு அவர் பெயரைச் சூட்டிய அன்றைக்கு, நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த நார்த் கரோலைனா அணியை அவர் அணிப் பெண்கள் வீழ்த்தினார்கள். 2009 ஜனவரியில் காலமாகும்வரை அந்த அணிக்கு அவர்தான் கோச்.

அவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு நிதி இருக்கிறது. அதற்காக வருஷா வருஷம் சீசனின் ஒரு ஆட்டத்தில் அரங்கம் முழுக்க, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் நிறமான இளஞ்சிவப்பாகிவிடும். இடைவேளையில் நோயிலிருந்து மீண்ட பெண்களை ஆடுதளத்துக்கு அழைத்து மரியாதை செய்வார்கள். நம் குடும்பங்களிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் நாம் அதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வைத்துக்கொள்கிறோம். அங்கே ஊரே எழுந்து கைதட்டுகிறது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.

பெண்கள் ஆட்டத்தில் வேகம் குறைவு, சுவாரசியம் இருக்காது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த அணி 2020, 2021, 2022 என்று தொடர்ந்து மூன்று வருஷம், டியூக்கும் நார்த் கரோலைனாவும் ஆடும் ஏ.சி.சி. என்ற கல்லூரிகள் கூட்டமைப்பின் கோப்பையை வென்றது. 2024-ல் தேசிய அளவில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. நம் ஊர் அணி இது. இருபது வயதுப் பெண், நெற்றியில் வியர்வை வழிய, ஆயிரக்கணக்கானோர் பார்க்கும்போது, தவறவிட்ட பந்தைப் பற்றி யோசிக்காமல் யாரும் தடுக்காமல் கூடையில் போடக் கிடைக்கும் அடுத்த ஃப்ரீ த்ரோவுக்கு மூச்சை இழுத்து நிற்கிறாள். பத்து வயது மகளுக்கு தைரியத்தைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும் அதற்கு ஈடாகாது.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மில் நிறையப் பேர் பிள்ளையின் விளையாட்டைக் கல்லூரி விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு வரியாகத்தான் பார்க்கிறோம். நீச்சலுக்கு விடுவோம், டென்னிஸுக்கு விடுவோம். ஆனால் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து, யாரோ பெற்ற பிள்ளைக்காகத் தொண்டை கட்டக் கத்த மாட்டோம். எந்தப் பலனையும் எதிர்பார்க்காமல் பார்க்கிற அந்த இரண்டு மணி நேரம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

கூடைப்பந்து புரியாது என்கிறவர்களுக்கு வாலிபால் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், அதுவும் ரெனால்ட்ஸில்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரைக் கூட்டிப் போனேன். இளவயதில் ஊர் மைதானத்தில் கயிறு கட்டி ஆடியவர். முதல் செட்டில் பேசாமல் இருந்தார். இரண்டாவது செட்டில், வேறு நிறச் சட்டை போட்ட லிபெரோ, அதாவது தற்காப்புக்கென்றே ஆடும் பெண், தரையைத் தொடப்போன பந்தை ஒற்றைக் கையை அடியில் கொடுத்து எழுப்பினாள். "எடுத்தா பாரு!" என்று எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் கையை நீட்டினார். இவரும் அந்தக் கையில் தட்டினார். அதற்கப்புறம் மீதி ஆட்டம் முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல் கையாலேயே பேசிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் நம் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். கூடைப்பந்தே குளிருக்காக வந்த விளையாட்டுதான். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸில், வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டித் தொடங்கிவைத்தார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் ஆண்கள் ஆட்டத்தை விடக் குறைவுதான். கைப்பை விதிமுறையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், உள்ளே தெரிகிற பையைத்தான் பல அரங்கங்களில் விடுகிறார்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் பேண்ட் வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம், சத்தம் அதிகம். சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெளிர் நீலம் வேண்டாம், அது சாப்பல் ஹில்காரர்களின் நிறம்.

இந்தச் சீசனின் இளஞ்சிவப்பு ஆட்டத்துக்கு ஒரே பகுதியில் சேர்ந்தாற்போல் இடம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் மேஜை மேல் ஒரு தாள் இருக்கிறது. பெயர், எத்தனை பேர், காரில் இடம் இருக்கிறதா, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். கார் இல்லாத மாணவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், நீங்களும் எழுதுங்கள், கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு. பெரியவர்களையும் அழைத்து வருவதாக இருந்தால் அதைக் குறித்துவிடுங்கள், படி அதிகம் ஏறத் தேவையில்லாத வரிசையாகப் பார்த்து எடுக்கிறேன். நன்றி, வணக்கம்.