படுத்திருப்பவரின் கண்ணிலிருந்து ஒரு மருத்துவமனை

(கட்டடக்கலை மாணவர்களும் செவிலியர் பயிற்சி மாணவிகளும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனைக் கட்டடங்களில் வந்துள்ள புதுமைகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். தலைப்பைக் கேட்டதும் ரோபோ, தொடுதிரை, கண்ணாடி முகப்பு என்றுதான் பலருக்கும் நினைவு ஓடும். நான் ஜன்னலைப் பற்றிப் பேசப் போகிறேன். அண்மைக் காலத்தில் இந்தத் துறையில் நடந்த ஆகச் சிறந்த வேலை, காற்றையும் வெளிச்சத்தையும் நோயாளியிடம் மீட்டுக் கொடுத்ததுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் அறைக் காற்றை அளந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தபோது, அறையிலுள்ள காற்று மணிக்கு 28 முறை மாறியது. தொற்று அபாயம் மிகுந்த அறைகளுக்கு இயந்திரக் காற்றோட்டத்தில் பரிந்துரைக்கப்படும் அளவு 12தான். ஆய்வு நடந்தபோதே ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்த, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட கட்டடங்களில் அது 40. பிற்காலத்தில் கட்டிய, ஜன்னல் காற்றையே நம்பியிருந்த கட்டடங்களில் 17. நம் முன்னோர் கட்டியதை நாம் குறைத்துவிட்டோம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண் சொல்லும்?

ஏன் குறைந்தது? காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் காற்றும் வெயிலும் ஓய்வும்தான் சிகிச்சை. இங்கிலாந்தில் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை, நடத்திய டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கியதும் அந்த நம்பிக்கையில்தான். அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வந்தது. பிறகு குளிர்சாதனமும் குழல் விளக்கும் வந்தன. ஜன்னலிலிருந்து வெகுதூரத்திலும் அறை கட்டலாம் என்றானது, கட்டடங்கள் பருத்தன. நடுவிலுள்ள அறைகளுக்கு வானம் தெரியாமல் போனது.

அந்தச் சானடோரியக் காலத்தின் சிகரம் என்று நான் கருதுவது பின்லாந்தின் பைமியோ சானடோரியம். ஆல்வர் ஆல்ட்டோ வடிவமைத்தது, 1933இல் திறக்கப்பட்டது. அவருடைய மனைவி ஐனோவும் கட்டடக் கலைஞர், அவருக்கும் இதில் பங்கு உண்டு. அறையை நிற்பவருக்காகத்தான் எல்லோரும் வரைகிறோம். இங்கே நாள் முழுக்கப் படுத்திருப்பவர் என்ன பார்க்கிறார் என்று கேட்டார்கள். அவர் பார்ப்பது கூரையை. எனவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத ஆழ்ந்த நிறம் தீட்டினார்கள். விளக்கு கண்ணில் அடிக்காத இடத்தில் வைக்கப்பட்டது. அறையில் இருவர் இருப்பதால், ஒருவர் முகம் கழுவும் சத்தம் மற்றவரை எழுப்பக் கூடாதென்று, தண்ணீர் சாய்வாக விழும்படி தொட்டியை வடிவமைத்தார்கள். வெள்ளை அங்கியின் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவுக் கைப்பிடி வளைக்கப்பட்டது. இதில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. நோயாளியைப் பற்றி ஒருவர் பொறுமையாக யோசித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து ருவாண்டாவின் புட்டாரோ மருத்துவமனை. அதன் பின்னணியை முதலில் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் துகேலா ஃபெர்ரி என்ற ஊரின் மருத்துவமனையில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத கொடிய காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டு அவர்களில் 52 பேர் இறந்துபோனார்கள். 2006இல் வெளிவந்த செய்தி இது. பலருக்கு மருத்துவமனைக்குள்ளேயே தொற்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குணமாக வந்த இடத்திலேயே நோய் பிடிக்கிறது என்றால், அது கட்டியவர்களின் பொறுப்பும் அல்லவா? அதே ஆண்டில், ருவாண்டா உள்ளிட்ட ஏழை நாடுகளில் மருத்துவப் பணி செய்துவந்த டாக்டர் பால் ஃபார்மரின் உரையைக் கேட்ட மைக்கேல் மர்ஃபி என்ற கட்டடக்கலை மாணவர், அவரோடு வேலை செய்யும் கட்டடக் கலைஞர்கள் யார் என்று விசாரித்தார். அப்படி யாரும் இல்லை என்று தெரிந்தது. அந்த மாணவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய மாஸ் டிசைன் குரூப் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த மருத்துவமனை 2011இல் புட்டாரோவில் திறக்கப்பட்டது.

அங்கே நடைபாதைகள் கட்டடத்துக்கு வெளியே ஓடுகின்றன. இருமுகிறவரும் காத்திருப்பவரும் அடைபட்ட தாழ்வாரத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியதில்லை. வார்டின் நடுவே ஓர் அரைச்சுவர். படுக்கைகளின் தலைமாடு அதை ஒட்டி இருக்கிறது, ஒவ்வொருவரும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மேலே மெதுவாகச் சுழலும் மிகப் பெரிய மின்விசிறி காற்றை உயர்த்துகிறது. கூரையருகே உள்ள புற ஊதா விளக்கு அதிலுள்ள கிருமிகளை அழிக்கிறது. உழவர்கள் வயலிலிருந்து பொறுக்கிப் போட்ட எரிமலைக் கல்லை உள்ளூர்க் கொத்தர்கள் செதுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கட்டுமானச் செலவு அந்த ஊர் மக்களின் கூலியாகவும் போய்ச் சேர்ந்தது.

நம்மூர் வெயிலுக்கும் கொசுவுக்கும் இது ஒத்துவருமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நியாயமான சந்தேகம். அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வடிகட்டிய காற்றுதான் வேண்டும். அதில் வாதமே இல்லை. ஆனால் மருத்துவமனை முழுவதும் அறுவை அரங்கு இல்லையே. நம்மைப் போலவே வெப்பமும் புழுக்கமும் உள்ள வங்கதேசத்தின் சாத்கீராவில், காஷெஃப் சௌத்ரி என்ற கட்டடக் கலைஞர் 80 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைச் செங்கல்லால் கட்டியிருக்கிறார். கடல் நெருங்கி நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட பகுதி அது. வளாகத்தின் நடுவே வளைந்து செல்லும் கால்வாய் மழைநீரைச் சேர்க்கிறது, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது, வெளிநோயாளர் பகுதியையும் உள்நோயாளர் பகுதியையும் சுவரின்றிப் பிரிக்கிறது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுப் பரிசை இதற்குத்தான் கொடுத்தது.

மாணவர்களே, வார்டைவிட முதலில் காத்திருப்புக் கூடத்தை வரையுங்கள். நோய் இன்னதென்று தெரியாத மனிதர்கள் காலையிலிருந்து ஒன்றாக உட்காரும் இடம் அது. பெரும்பாலும் மிச்சமான மூலை கிடைப்பதும் அதற்குத்தான். உடனிருப்பவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. அம்மாவோ அக்காவோ கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறார். அவர் படுக்கவும் குளிக்கவும் சோற்றைச் சூடாக்கவும் வரைபடத்தில் ஓர் இடம் வேண்டும்.

செவிலியர் மாணவிகளே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. செவிலியர் மேசையிலிருந்து எத்தனை படுக்கைகள் கண்ணில் படுகின்றன, மருந்து வண்டி திரும்புமா, கை கழுவும் தொட்டி போகிற வழியிலேயே இருக்கிறதா என்பதெல்லாம் வரைபவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் பணிபுரியும் மருத்துவமனையில் புதுக் கட்டடம் வருகிறதென்றால், அடித்தளம் தோண்டும் முன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த அரங்கிலேயே வரையப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தை அவர்களிடம் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.