பனிக்காலத்துக் கராஜும் ஒரு ஸ்போர்ட்ஸ்ரரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் நவம்பர் நடுப்பகுதி வந்தால் வீதிக்கு உப்புப் போடத் தொடங்கிவிடுவார்கள். அதோடு மோட்டார் சைக்கிள் ஓட்டம் முடிந்தது. இனி ஏப்ரலில், இரண்டு நல்ல மழை அடித்து அந்த உப்பைக் கழுவிய பிறகுதான். இடையில் கிடைக்கிற நாலரை மாதத்தில் வண்டியைத் தன் உடம்புக்கும் விருப்பத்துக்கும் தக்கபடி மாற்ற நினைப்பவர்களுக்காகத்தான் இன்றைய உரை. எல்லா வண்டிக்கும் பொதுவாகப் பேசினால் ஒருவருக்கும் உதவாது. ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்ரர் வரிசையில் வந்த அயர்ன் 883. 2009 மாடலாக அறிமுகமானது. இங்கே பழைய வண்டிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும், பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

மாற்றுகிற வேலைக்கு முன், வண்டியைப் படுக்க வைக்கிற வேலை. பழைய எஞ்சின் ஒயிலை வடித்துப் புதியதை விட்டுத்தான் மூடவேண்டும். ஓடிய ஒயிலில் நீரும் அமிலமும் கலந்திருக்கும், அவை நாலு மாதம் பெயாரிங்குகளில் ஊறக்கூடாது. ஃபில்ரரோடு சேர்த்து 2.65 லீற்றர் பிடிக்கும். பெற்றோல் ராங்க் 12.5 லீற்றர். அதை நிரப்பி வைப்பதானால் பத்து லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் என்ற கணக்கில், பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்ரெபிலைசர் விட்டு, அந்தப் பெற்றோல் இன்ஜெக்ரர் வரை போய்ச் சேர ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். ஆனால் ராங்க்குக்குப் பெயின்ற் அடிக்கிற எண்ணம் இருந்தால் நிரப்ப வேண்டாம். பிறகு பன்னிரண்டு லீற்றர் பெற்றோலை எங்கே ஊற்றுவது என்று நிற்க வேண்டிவரும்.

அப்படிக் கழற்றிய ராங்க்கை வீட்டின் பேஸ்மென்றுக்குள் கொண்டுபோகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அங்கேதான் சூடாக இருக்கும், வெளிச்சமும் இருக்கும். அங்கேயேதான் காஸ் ஃபேர்னஸும் சுடுதண்ணீர் ராங்க்கும் நிற்கின்றன. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்துபோய் அந்தச் சுவாலையைப் பிடிக்கும். வெறும் ராங்க்தானே என்று நினைக்காதீர்கள். ஆவி நிறைந்த வெறும் ராங்க்தான் நிரம்பிய ராங்க்கைவிட மோசம்.

பற்றறியைக் கழற்றி உள்ளே கொண்டுவாருங்கள், அல்லது கராஜிலேயே தானாக நிறுத்தித் தொடரும் சிறிய சார்ஜரில் விடுங்கள். முழுச் சார்ஜில் 12.8 வோல்ற் காட்டும். 12.4க்கு இறங்கினால் சார்ஜ் கேட்கிறது என்று அர்த்தம். முழுதாக ஏறிய பற்றறி ஒன்ராறியோக் குளிருக்கு உறையாது. இறங்கிக் கிடப்பது மைனஸ் பத்திலேயே உறைந்து பெட்டி வெடிக்கும். லித்தியம் பற்றறி போட்டிருப்பவர்கள் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. இன்னொன்று, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வண்டியைப் பத்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது பராமரிப்பு அல்ல. எஞ்சின் முழுச்சூட்டுக்கு வருமுன் நிறுத்தினால் உள்ளே நீர் கட்டும். புது ஒயில் விட்டதற்குப் பலனில்லை.

சரி, எதை மாற்றுவது? பெரும்பாலோர் சைலன்சரில் தொடங்குகிறார்கள். கடையில் அதுதான் கண்ணில் படுகிறது, காதிலும் விழுகிறது. என்னைக் கேட்டால் அது கடைசியில் வரவேண்டியது. முதலில் உடம்பு வண்டியில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: சீற், ஹாண்டில், ஃபுட் பெக். அடுத்தது சொக் அப்சோபர். ஜனவரியில் மிசிசாகாவில் நடக்கும் மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது, படம் பார்த்துப் பாகம் வாங்குவதைவிட நூறு மடங்கு மேல். ஒரு பாகத்தை மாற்றினால் அது பின்னால் நாலு பாகத்தை இழுத்துக்கொண்டு வரும் என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும். ஹாண்டிலை வைத்தே அதைக் காட்டுகிறேன்.

அயர்னில் வருவது தாழ்வான, நேரான ஹாண்டில். முதுகு வளையாமல் இருக்க உயர்ந்தது வேண்டும் என்று பலர் 12 அங்குல ஹாண்டிலை வாங்கிவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் கைப்பிடி, ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும்போது சீற்றின் மேல்மட்டத்திலிருந்து 380 மில்லிமீற்றருக்கு, அதாவது 15 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. 12 என்பது 15க்குள் அடங்கும்தானே என்பார்கள். அடங்காது. அந்தப் 12 அங்குலம் ஹாண்டிலின் அடியிலிருந்து அளந்தது. அடி பூட்டப்படும் கிளாம்ப் ஏற்கெனவே சீற்றைவிட உயரத்தில் இருக்கிறது. ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, சீற்றிலிருந்து கிளாம்ப் வரை அளந்து, அதை 380இல் கழியுங்கள். கிளாம்ப் 180 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால் மீதி 200. 8 அங்குலம் என்றால் 203, ஆகவே உங்களுக்கு உரியது 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஹாண்டில். ஸ்போர்ட்ஸ்ரரின் கிளாம்ப்புக்கு 1 அங்குலக் குழாய் வேண்டும். முக்கால்வாசி ஜப்பான் வண்டிகளுக்கு வரும் 7/8 அங்குலக் குழாய் இதில் பிடிக்காது.

புதிய ஹாண்டிலை முதலில் தற்காலிகமாகப் பூட்டுங்கள். ஒரு சணல் நூலை எடுத்து, கிளச் நெம்பிலிருந்து கேபிள் போகிற அதே பாதையில் கீழே வரை விடுங்கள். ஹாண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பி, நூல் இழுபடாத நீளத்தைக் குறித்து, 25 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். திறொட்டில் கேபிள் இரண்டு, முன் பிரேக் ஹோஸ் ஒன்று, எல்லாவற்றுக்கும் இதே நூல்தான். பழையதைவிட இத்தனை அங்குலம் நீளம் என்ற பொருளில் 'பிளஸ் ஆறு', 'பிளஸ் எட்டு' என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கினால் கேபிள் நீண்டு ஹெட்லைற்றில் உரசும், அல்லது குறுகித் திரும்பும்போது இழுக்கும்.

கிளச் கேபிளின் கீழ்முனை ஸ்போர்ட்ஸ்ரரில் வண்டியின் இடப்பக்கம், பிரைமரி மூடிக்குள்ளே, அதாவது எஞ்சினிலிருந்து கிளச்சுக்குப் போகும் சங்கிலியை மூடும் பெட்டிக்குள்ளே, கொளுவியிருக்கிறது. மூடி முழுவதையும் கழற்றத் தேவையில்லை. ஆறு ரோர்க்ஸ் ஸ்குரூ உள்ள வட்டமான சின்ன மூடியைத் திறந்தால் போதும். ஆனால் வண்டி சைட் ஸ்ராண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது அதைத் திறந்தால் ஒயில் சப்பாத்தில் ஊற்றும். வண்டியை ஜாக்கில் நிமிர்த்தி, பட்டி போட்டுக் கட்டியபின் திறவுங்கள். பிரைமரியில் இருக்கும் ஒயில் ஒரு அமெரிக்கக் குவார்ட், 946 மில்லிலீற்றர். பழையதை வடித்துவிட்டுப் புதியதை விட இதுவே சமயம். நிமிர்ந்த வண்டியில் ஒயில் மட்டம் கிளச் ஸ்பிரிங் தட்டின் கீழ்விளிம்பைத் தொட்டால் சரி.

புதிய கேபிளைக் கொளுவியபின் சரிசெய்யும் முறை இது. மேலே கேபிளின் அட்ஜஸ்ரரை முழுதாகத் தளர்த்துங்கள். சின்ன மூடிக்குள் தெரியும் திருகை இடஞ்சுழியாக, மெல்லத் தட்டுப்படும் வரை திருப்புங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாகக் கால் சுற்று. பூட்டுத் தகட்டைத் திரும்பப் போட்டு, மேலே நெம்பில் 1.6 முதல் 3.2 மில்லிமீற்றர் வரை வெற்றாட்டம், அதாவது கேபிள் இழுபடுமுன் சும்மா அசையும் இடைவெளி, இருக்கும்படி அட்ஜஸ்ரரை இறுக்குங்கள். மேலேயுள்ள அட்ஜஸ்ரரை மட்டும் திருகிச் சமாளிப்பவர்களுக்குத்தான் மே மாதத்தில் கிளச் வழுக்குகிறது, அல்லது நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கிறது.

பிரேக் ஹோஸை மாற்றும்போது, அதன் முனையைப் பூட்டும் துளையுள்ள பான்ஜோ போல்ற்றின் இரு வாஷர்களும் புதிதாக இருக்கவேண்டும். பழையது ஒருதரம் நசுங்கியது, மறுதரம் கசியும். திரவம் டொட் 4. அது பெயின்ற்றைத் தின்னும், ஆகவே ராங்க்மேல் ஈரத்துணி. உயர்ந்த ஹாண்டிலில் காற்றுக்குமிழ் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், எத்தனை தரம் இறைத்தாலும் நெம்பு பஞ்சு மாதிரி அமுங்கும். நெம்பைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் குமிழ் ஏறிப்போய்விடும். 2014இலிருந்து ஏபிஎஸ், அதாவது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், தெரிவாக வந்தது. அது உள்ள வண்டியில் மொடியூலுக்குள் காற்றுப் போனால் கணினி வைத்திருக்கிற மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும். அந்த ஒரு வேலையை முதலிலேயே அவரிடம் விடுவது புத்திசாலித்தனம்.

வயர்கள் இன்னும் பாக்கி. கனெக்ரரிலிருந்து ஊசிகளைக் கழற்றுமுன் ஃபோனில் படம் எடுங்கள். நீட்டும்போது எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் முன்னும்பின்னுமாக வையுங்கள். ஒரே இடத்தில் வந்தால் குழாய்க்குள் முடிச்சாகிச் சிக்கும். ஈயம் உருக்கி ஒட்டிய இடத்தில் வயர் விறைத்துப்போகும். அது வளைவில் வந்தால், 45 பாகை வி-ட்வின் எஞ்சின் தருகிற அதிர்வில் ஒரு கோடைக்குள் அறும். இணைப்புகளை நேரான பகுதியில் வைத்து, மேலே சுருங்கும் உறை போடுங்கள்.

சொக் அப்சோபர் பற்றிச் சுருக்கமாக. அயர்னின் பின் சொக் சுருங்கக் கிடைப்பது சுமார் 40 மில்லிமீற்றர். பனி உருகி உறைந்து குழிவிழுந்த ரொறன்ரோ வீதிக்கு அது போதவே போதாது. 13 அங்குல சொக் போட்டால் முதுகு வாழ்த்தும். ஆனால் பின்பக்கம் உயர்வதால் வண்டி சைட் ஸ்ராண்டில் முன்னைவிட அதிகமாகச் சாயும், பெல்ற்றின் இறுக்கமும் மாறும். 10 பவுண்ட் விசையில் பெல்ற் எவ்வளவு அசைகிறது என்று அளந்து, உங்கள் மாடலின் மனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சைலன்சர் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு: உள்ளே ஒன்றுமில்லாத நேர்க்குழாய் ஒன்ராறியோ வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம். 2007இலிருந்து ஸ்போர்ட்ஸ்ரர் பெற்றோல் இன்ஜெக்ஷனில் ஓடுகிறது. காற்று வடியையும் சைலன்சரையும் மாற்றிவிட்டு மப்பை, அதாவது எவ்வளவு பெற்றோல் விடவேண்டும் என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும் அட்டவணையை, மாற்றாவிட்டால் பெற்றோல் குறைவாகவே போகும். எஞ்சின் கொதிக்கும், திறொட்டிலை விடும்போது பட்டாசு வெடிக்கும். இதே செலவில் கொஞ்சம் கூட்டினால் 883 சிசி எஞ்சினை 1200 சிசி ஆக்கலாம் என்பதும் உண்மைதான். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, 96.8 மில்லிமீற்றர், சிலிண்டர் துளை மட்டும் 76.2இலிருந்து 88.9 ஆகிறது. அதற்கும் புது மப் கட்டாயம். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகுதான் பெரிய விஷயமாகும்.

இறுக்குகிற வேலையில் ஒரு பொறி இருக்கிறது. மனுவலில் சில எண்கள் அடி-பவுண்டில், சில அங்குல-பவுண்டில் இருக்கும். 100 அங்குல-பவுண்ட் என்பது வெறும் 8.3 அடி-பவுண்ட். அதை 100 அடி-பவுண்ட் என்று வாசித்து இழுத்தால் பன்னிரண்டு மடங்கு. அலுமினியத்தில் புரி கழன்று கையோடு வரும். சின்னத் திருகுகளுக்குத் தனியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு சின்ன ரோர்க் றெஞ்ச் வாங்குங்கள்.

மார்ச் கடைசியில் கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு ஸ்ரார்ட் செய்யுங்கள். பாதி திறந்தது போதாது, கார்பன் மொனொக்சைட் மணக்காது. எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மெல்லத் திருப்புங்கள். சத்தம் ஒரு துளி ஏறினாலும் திறொட்டில் கேபிள் இழுபடுகிறது. பாதையை மாற்றாமல் வீதிக்கு இறங்கக்கூடாது. ரயரின் பக்கவாட்டில் டொட் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது கிழமையில் செய்தது. முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும் கிளாம்ப், சைலன்சர், சொக் போல்ற்றுகளை மறுபடி றெஞ்ச் வைத்துப் பாருங்கள். புதுக் கிளச் கேபிள் அதற்குள் கொஞ்சம் நீண்டிருக்கும், நெம்பின் வெற்றாட்டத்தைத் திரும்ப அளந்து சரிசெய்யுங்கள். அந்த முதல் ஓட்டத்தில் திருப்பங்களில் நிதானம் வேண்டும். வீதி கழுவும் வண்டி வரும்வரை பனிக்காலத்து மணல் ஓரத்தில் அப்படியே கிடக்கும்.

வணக்கம்.